நூற்றில் நான்கு ஸ்பின்கள்

இரும்பு, கோபால்ட், நிக்கல் என்று எந்த ஃபெர்ரோ காந்தத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் தயக்கக் கண்ணி, அதாவது புலத்தை இரு திசையிலும் ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய வளைகோடு, சமச்சீரானது. ஒரு திசையில் முழுக்கக் காந்தமான பொருளை எதிர்த்திசைக்குப் புரட்ட 500 எர்ஸ்டெட் புலம் வேண்டுமென்றால், பழைய திசைக்குத் திருப்பவும் அதே 500 எர்ஸ்டெட்தான் வேண்டும். படிகத்தின் அமைப்பு காந்தத்துக்கு விருப்பமான ஓர் அச்சைத் தரலாம். ஆனால் அந்த அச்சின் இரு முனைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க அதற்கு வழியில்லை. பொருளிலுள்ள எல்லா ஸ்பின்களையும், அதாவது அணுக்களின் நுண்காந்தங்களை, ஒருசேரத் தலைகீழாக்கினால் அதன் ஆற்றல் இம்மியும் மாறாது. கண்ணியின் சமச்சீர் இந்த அடிப்படையிலிருந்து வருகிறது.

1956-இல் இந்தச் சமச்சீர் குலைந்த ஒரு கண்ணி அச்சில் வந்தது. நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ. எச். மைக்கல்ஜானும் சி. பி. பீனும் மிக நுண்ணிய கோபால்ட் துகள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். காற்றுப் பட்ட துகள்களின் மேல் கோபால்ட் ஆக்சைடு ஓடுபோலப் படிந்திருந்தது. அந்தத் துகள்களை அழுத்திக் கட்டியாக்கி, 10,000 எர்ஸ்டெட் புலத்துக்குள் வைத்தபடியே 77 கெல்வினுக்குக் குளிர்வித்து, கண்ணியை வரைந்தார்கள். கண்ணி அப்படியே ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. புலம் இல்லாமல் குளிர்வித்தபோது அதே பொருளின் கண்ணி வழக்கம்போல நடுவில் இருந்தது. எந்தத் திசையில் புலத்தை வைத்துக் குளிர்வித்தார்களோ அந்தத் திசையைப் பொருள் நினைவில் வைத்துக்கொண்டது. புலத்தை நீக்கிய பிறகும் அந்தப் பக்கமே நிற்க விரும்பியது. இந்த நகர்வைத்தான் இன்று பரிமாற்றச் சாய்வு என்கிறோம்.

கண்ணியைவிட அவர்கள் செய்த முறுக்குவிசை அளவீடு என்னை அதிகம் ஈர்க்கிறது. குளிர்ந்த மாதிரியை வலுவான புலத்தில் வைத்து, புலத்துக்கும் குளிர்வித்த திசைக்கும் இடையேயான கோணத்தைப் பாகை பாகையாக மாற்றி, ஒவ்வொரு கோணத்திலும் மாதிரி எவ்வளவு விசையோடு திரும்பப் பார்க்கிறது என்று அளந்தார்கள். சாதாரணக் கோபால்ட் படிகத்தில் ஒரு முழுச் சுற்றுக்குள் முறுக்குவிசை இருமுறை ஏறி இறங்கும். மாதிரி நிலையாக நிற்கும் இடங்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று 180 பாகை தள்ளி. இங்கே ஒரு சுற்றுக்கு ஒரே ஏற்ற இறக்கம். நிலையாக நிற்கும் இடம் ஒன்றே ஒன்று. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வலஞ்சுழியாகச் சுற்றி வரைந்த கோடும் இடஞ்சுழியாகச் சுற்றி வரைந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவில்லை. புலத்தை எவ்வளவு உயர்த்தியும் அந்த இடைவெளி மறையவில்லை. அப்படியென்றால் பொருளுக்குள் ஏதோ ஒரு பகுதி, சுற்றும்போதெல்லாம் மீளாத மாற்றம் அடைந்துகொண்டிருந்தது. கண்ணியின் நகர்வு எல்லோர் கண்ணிலும் பட்டது. இந்த இடைவெளி அவ்வளவு கவனம் பெறவில்லை. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டு விவாதத்தின் விதை இதில்தான் இருந்தது.

கண்ணியின் நகர்வுக்குக் காரணம் ஆக்சைடு ஓடுதான் என்பதை அவர்கள் உடனே உணர்ந்தார்கள். கோபால்ட் ஆக்சைடு ஓர் எதிர்ஃபெர்ரோ காந்தம். அதில் ஒவ்வோர் அணுவும் காந்தம்தான். ஆனால் அடுத்தடுத்த அணுத்தளங்களின் ஸ்பின்கள் எதிரெதிராக நிற்பதால் மொத்தக் காந்தத் திருப்புத்திறன் சுழியாகிவிடும். இப்படி ஓர் ஒழுங்கு இருக்கக்கூடும் என்று 1930-களில் கணித்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் காந்தத்தன்மையும் காட்டாத ஒழுங்கை நிரூபிப்பது எளிதாக இல்லை. 1949-இல் கிளிஃபர்ட் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடின் மேல் நியூட்ரான்களைச் செலுத்தி, எதிரெதிர் அடுக்குகளை நேரடியாகக் காட்டினார்கள். சூடேற்றினால் இந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்கு நீல் வெப்பநிலை என்று பெயர். கோபால்ட் ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 290 கெல்வின், அதாவது ஓர் அறையின் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே. சாய்வும் சரியாக அந்த வெப்பநிலையை ஒட்டியே மறைந்தது. 1970-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் நீல், எதிர்ஃபெர்ரோ காந்தங்கள் கோட்பாட்டு நோக்கில் மிகவும் சுவையானவை, ஆனால் அவற்றுக்குப் பயன் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற பொருளில் சொன்னார். பரிமாற்றச் சாய்வு கண்டறியப்பட்டு அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மைக்கல்ஜானும் பீனும் தந்த விளக்கம் தெளிவானது. அறை வெப்பநிலையில் கோபால்ட்டின் ஸ்பின்கள் புலத்தின் வழி நிற்கின்றன. ஆக்சைடின் ஸ்பின்கள் ஒழுங்கின்றி ஆடிக்கொண்டிருக்கின்றன. நீல் வெப்பநிலையைத் தாண்டிக் குளிரும்போது ஆக்சைடு ஒழுங்குக்கு வருகிறது. அப்போது கோபால்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அதன் முதல் அடுக்கு, பக்கத்திலுள்ள கோபால்ட் ஸ்பின்களைப் பார்த்துத் தன் திசையை அமைத்துக்கொள்கிறது. அதற்கடுத்த அடுக்கு எதிராக, அதற்கடுத்தது மறுபடி எதிராக என்று ஒழுங்கு உள்ளே பரவி உறைகிறது. இனிப் புலத்தைத் திருப்பினால் கோபால்ட் திரும்பும். மொத்தத் திருப்புத்திறன் இல்லாத ஆக்சைடைப் புலத்தால் பற்றித் திருப்ப முடியாது. அசையாமல் நிற்கும் ஆக்சைடின் மேல் அடுக்கு, திரும்பிய கோபால்ட்டைப் பழைய இடத்துக்கே இழுக்கும். ஆகவே ஒரு பக்கம் திருப்புவது கடினம், திரும்பி வருவது எளிது. கண்ணி குளிர்வித்த புலத்துக்கு எதிர்ப்பக்கமாக நகர்கிறது.

விளக்கம் இவ்வளவு தெளிவாக இருந்தும், எண்களைப் போட்டுப் பார்த்தால் கதை சரிந்துவிடுகிறது. கோபால்ட் ஆக்சைடில் ஒரே திசை ஸ்பின்கள் மட்டும் கொண்ட அணுத்தளத்தில், ஒரு சதுர நானோமீட்டருக்கு ஏறத்தாழ 12 கோபால்ட் அயனிகள் இருக்கும். எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்பினோடு ஒவ்வொன்றும் 5 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவு பிணைந்திருப்பதாகக் கொள்வோம்; இத்தகைய பொருள்களில் அது மிகையான மதிப்பன்று. மேலே 5 நானோமீட்டர் தடிமனுள்ள கோபால்ட் படலம் இருந்தால் கண்ணி ஏறத்தாழ 14,000 எர்ஸ்டெட் நகர வேண்டும். ஆய்வுக்கூடங்களில் இத்தகைய படலங்களில் கிடைப்பதோ பெரும்பாலும் சில நூறு எர்ஸ்டெட். பொருளுக்குப் பொருள் இந்த இடைவெளி சில பத்து மடங்கிலிருந்து சில நூறு மடங்கு வரை போகிறது. கணக்கில் சிறு திருத்தம் செய்து சரிக்கட்டக்கூடிய வேறுபாடு இல்லை இது. படத்தில் ஏதோ பெரிதாக விடுபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் இருந்தது. ஓர் எதிர்ஃபெர்ரோ காந்தப் படிகத்தை எந்தத் தளத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் மேற்பரப்பு இருவகைப்படும். சில தளங்களில் மேற்பரப்பு ஸ்பின்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். இது ஈடாகாத பரப்பு. வேறு தளங்களில் இடம் வலமாகச் சரிபாதி நிற்கும். அது ஈடான பரப்பு. மைக்கல்ஜான், பீன் விளக்கத்தின்படி ஈடான பரப்பில் சாய்வு துளியும் இருக்கக்கூடாது. பாதி ஸ்பின்கள் வலப்பக்கம் இழுக்க, மீதிப் பாதி இடப்பக்கம் இழுத்து ஈடுகட்டிவிடும். ஆனால் சான் டியேகோவில் இவான் ஷுல்லர், ஜோசப் நோகேஸ் உள்ளிட்டோர் இரும்பு ஃபுளூரைடு மேல் இரும்புப் படலம் வளர்த்துச் செய்த சோதனைகளில், ஈடான பரப்பு பெரிய சாய்வைத் தந்தது. பரப்பு எவ்வளவு வழவழப்பாக அமைந்ததோ அவ்வளவு சாய்வு கூடியது. எளிய விளக்கத்தை நம்பியவர்களுக்கு இதைவிடச் சங்கடமான முடிவு இருக்க முடியாது.

எனவே கேள்வி இரண்டாகப் பிரிந்தது. ஈடான பரப்பில் இழுக்கும் ஸ்பின் எங்கிருந்து வருகிறது? ஈடாகாத பரப்பில் ஏன் இழுவை இவ்வளவு குறைவு? 1987-இல் ஒரே ஆண்டில், ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்களிடமிருந்து இரண்டு விடைகள் வந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பது சொல்லளவில் மட்டுமன்றி வடிவியலிலும் உண்மை.

டேனியல் மௌரியும் உடன் பணியாற்றியவர்களும் ஆற்றலின் பக்கமிருந்து வந்தார்கள். எதிர்ஃபெர்ரோ காந்தம் பாறைபோல அசையாமல் நிற்கும் என்ற அனுமானத்தை அவர்கள் கைவிட்டார்கள். மேலுள்ள ஃபெர்ரோ காந்தம் திரும்பும்போது எல்லையிலுள்ள எதிர்ஃபெர்ரோ ஸ்பின்களும் அதோடு ஒட்டித் திரும்பலாம். ஆழத்தில் உள்ளவை மட்டும் பழைய திசையில் நிற்கலாம். இடையிலுள்ள அடுக்குகள் படிப்படியாக முறுகிக்கொள்ளும். அதாவது எல்லைக்கு இணையாக, எதிர்ஃபெர்ரோ காந்தத்துக்குள்ளேயே ஒரு டொமைன் சுவர் உருவாகிறது. இப்படி ஒரு சுவரைக் கட்ட ஆகும் ஆற்றல், எல்லையிலுள்ள பிணைப்புகளை எல்லாம் முறிக்க ஆகும் ஆற்றலைவிட வெகு குறைவு. இயற்கை மலிவான வழியைத் தேர்ந்துகொள்கிறது. சாய்வும் சோதனையில் கிடைக்கும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எண் சரிவந்தது. ஆனால் முறுகிய சுவர் விரிய இடம் வேண்டும். சுவரின் இயல்பான அகலத்தைவிட மெல்லிய, சில நானோமீட்டர் தடிமனே உள்ள எதிர்ஃபெர்ரோ படலங்களும் நல்ல சாய்வைத் தருகின்றன. ஈடான பரப்பு ஏன் சாய்வு தருகிறது என்பதற்கும் இந்த மாதிரியில் பதிலில்லை.

அலெக்ஸ் மலோசெமோஃப் கரடுமுரடின் பக்கமிருந்து வந்தார். எந்த எல்லையும் அணு அளவில் தட்டையாக இராது. ஓர் அணு உயரமுள்ள மேடோ பள்ளமோ வந்தால் அந்த இடத்தில் மேலே தெரியும் ஸ்பின்னின் திசை மாறிவிடும். ஃபெர்ரோ காந்தத்தின் கண்ணுக்கு எதிர்ஃபெர்ரோ பரப்பு அங்கங்கே வலமும் இடமும் சிதறிய ஒரு தற்போக்குப் புலமாகத் தெரியும். பரப்பு பெரிதானால் இந்தச் சிதறல் தன்னைத்தானே ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். ஆனால் முழுமையாக அன்று: எத்தனை ஸ்பின்கள் உள்ளனவோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஒரு மிச்சம் எப்போதும் ஒரு பக்கம் தங்கும். குளிரும்போது எதிர்ஃபெர்ரோ காந்தம், இந்த மிச்சம் தனக்குச் சாதகமாக அமையும்படி சிறு சிறு டொமைன்களாக உடைந்துகொள்ளும். இந்த டொமைன்களின் சுவர்கள் எல்லைக்குச் செங்குத்தாக உள்ளே இறங்குகின்றன. சாய்வு ஏன் இருக்கிறது, ஏன் சிறிதாக இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே விடை கிடைத்தது: அது சராசரியில் அடிபட்டுப்போன ஒன்றின் மிச்சம். இதுவரை வந்த விளக்கங்களில் மிக ஆழமான உள்ளுணர்வு மலோசெமோஃபுடையது என்று நான் கருதுகிறேன். பின்னாளைய சோதனைகள் அவர் சொன்ன விவரங்கள் எல்லாவற்றையும் உறுதிசெய்யவில்லை. அவர் காட்டிய திசையை உறுதிசெய்தன.

இடையில் ஓர் அழகான தவறும் நிகழ்ந்தது. 1997-இல் நார்மன் கூன், முழுக்க ஈடான வழவழப்பான பரப்பிலும் சாய்வு வரும் என்று கணினிக் கணக்கில் காட்டினார். ஃபெர்ரோ காந்தத்தின் ஸ்பின்கள் எதிர்ஃபெர்ரோ ஸ்பின்களுக்குச் செங்குத்தாக நின்றால், கீழுள்ள இரு வகை ஸ்பின்களும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அந்த வளைவில் ஒரு சிறு திருப்புத்திறன் பிறக்கும். அடுத்த ஆண்டே தாமஸ் ஷுல்டெஸும் வில்லியம் பட்லரும் ஸ்பின்கள் முப்பரிமாணத்திலும் கட்டற்றுச் சுழல இடம்கொடுத்துக் கணக்கிட்டபோது, கண்ணி அகலமானது, நகரவில்லை. செங்குத்துப் பிணைப்பு உண்மை, அதனால் கண்ணி அகலமாவதும் உண்மை. ஒரு பக்கச் சாய்வு மட்டும் அதிலிருந்து வராது; பரப்பில் ஏதாவது குறை இருந்தால்தான் வரும்.

குறை வேண்டும் என்ற இந்த முடிவை நான் மையமாகக் கொள்கிறேன். பரிமாற்றச் சாய்வுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகள் உள்ளன. முதலில், குளிரும்போது புலமோ பக்கத்துக் காந்தமோ பற்றித் திருப்பத்தக்க ஓர் உபரித் திருப்புத்திறன் வேண்டும். பிறகு, குளிர்ந்ததும் அந்த உபரி எந்தப் புலத்துக்கும் அசையாமல் நின்றுவிட வேண்டும். குறையற்ற எதிர்ஃபெர்ரோ காந்தம் உறுதியாக நிற்கும். அதனிடம் உபரி இல்லை. ஒழுங்கு குலைந்த பொருளில் உபரி நிறைய உண்டு. அதனால் உறுதியாக நிற்க முடியாது. மாட்டைப் பிடித்து நிறுத்துவது ஒரு முழ நீள முளைதான். ஆனால் முளை இறங்கிய மண் இறுகியிருக்க வேண்டும். எந்த ஸ்பின்கள் முளை, எந்தப் பகுதி மண் என்று பிரித்துக் காண்பதாகவே அடுத்த கட்ட ஆய்வு அமைந்தது.

முளைகளை எண்ணும் முயற்சி சான் டியேகோவில் தொடங்கியது. 1997-இல் கென்டாரோ டகானோ, ராபர்ட் கோடாமா, ஆமி பெர்கோவிட்ஸ் உள்ளிட்ட குழுவினர், கோபால்ட் ஆக்சைடையும் காந்தமற்ற மக்னீசியம் ஆக்சைடையும் மாறி மாறி அடுக்கிய படலங்களைப் புலத்தில் குளிர்வித்தார்கள். ஃபெர்ரோ காந்தமே இல்லாத இந்த அடுக்குகளில், புலத்தை நீக்கிய பிறகும் ஒரு சிறு திருப்புத்திறன் தங்கியது. எல்லைத் தளங்களிலுள்ள ஸ்பின்களில் ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே ஈடாகாமல் நின்றால் இந்த அளவு வரும். வெப்பநிலையை ஏற்றினால் அந்தத் திருப்புத்திறன் எந்த வளைகோட்டில் குறைந்ததோ, கோபால்ட் ஆக்சைடின் மேல் பெர்மல்லாய் என்ற நிக்கல்-இரும்பு ஃபெர்ரோ காந்தப் படலம் வைத்தபோது கிடைத்த சாய்வும் அதே வளைகோட்டில் குறைந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனாலும் ஃபெர்ரோ காந்தம் மேலே இருக்கும்போதே, உண்மையான எல்லையில் இந்த ஸ்பின்களைக் காண வேண்டியிருந்தது. சாதாரணக் காந்தமானியில் அது இயலாது. ஃபெர்ரோ காந்தத்தின் பெரிய குறிகை இந்தச் சிறிய குறிகையை மூழ்கடித்துவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலுள்ள சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்கள் வழி திறந்தன. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சில ஆற்றல்களில் எக்ஸ் கதிரை மிகுதியாக உட்கவரும். மாங்கனீசுக்கு அப்படி ஓர் ஆற்றல் 640 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, கோபால்ட்டுக்கு 780-ஐ ஒட்டி. அந்த ஆற்றலில் வட்டமாக முனைவாக்கப்பட்ட கதிரைச் செலுத்தினால், இடஞ்சுழிக் கதிரும் வலஞ்சுழிக் கதிரும் உட்கவரப்படும் அளவு வேறுபடும். அந்த வேறுபாடு அந்தத் தனிமத்தின் காந்தத் திருப்புத்திறனை மட்டும் சொல்லும். எதிரெதிராக நிற்கும் ஸ்பின்கள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், எதிர்ஃபெர்ரோ படலத்திலிருந்து வரும் குறிகை முழுவதும் ஈடாகாத ஸ்பின்களுடையது.

2003-இல் ஹென்ட்ரிக் ஓல்டாக் குழுவினர் இப்படிக் கோபால்ட்டுக்கு ஒரு கண்ணியும், இரிடியம்-மாங்கனீசுப் படலத்திலுள்ள மாங்கனீசுக்குத் தனியாக ஒரு கண்ணியும் வரைந்தார்கள். மாங்கனீசின் கண்ணியைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு கதைகள் தெரியும். ஈடாகாத மாங்கனீசு ஸ்பின்களில் பெரும்பாலானவை கோபால்ட் திரும்பும்போதெல்லாம் கூடவே திரும்பின. ஆகவே மாங்கனீசுக்கும், கோபால்ட்டின் வடிவத்தையே ஒத்த ஒரு கண்ணி கிடைத்தது. ஆனால் அந்தக் கண்ணி மேலும் கீழும் சமமாக இல்லை. முழுவதும் மிகச் சிறிதளவு செங்குத்தாக நகர்ந்திருந்தது. புலம் எந்தப் பக்கம் போனாலும் திரும்ப மறுத்த சில ஸ்பின்களின் அடையாளம் அது. அவற்றின் எண்ணிக்கை ஓர் அணு அடுக்கில் ஏறத்தாழ 4 சதவீதம். மைக்கல்ஜான், பீன் சூத்திரத்தில் எல்லை ஸ்பின்கள் அனைத்தையும் இடுவதற்குப் பதிலாக இந்த 4 சதவீதத்தை மட்டும் இட்டால், கிடைக்கும் சாய்வு சோதனை அளவோடு ஒத்துப்போனது.

1956-இன் சூத்திரம் தவறில்லை என்று இப்போது தெரிந்தது; அதில் யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதில்தான் பிழை இருந்தது. கூடவே திரும்பும் பெருங்கூட்டம் திரும்பும்போது ஆற்றலை இழந்து கண்ணியை அகலமாக்குகிறது. திரும்பாத சிறு கூட்டம் கண்ணியை நகர்த்துகிறது. முறுக்குவிசைக் கோடுகள் பொருந்தாமல் நின்றதன் பொருளும் இங்கே விளங்குகிறது: எதிர்ஃபெர்ரோ காந்தத்தின் ஒரு பகுதி எப்போதும் புரண்டுகொண்டே இருந்தது.

முளையின் எண்ணிக்கை தெரிந்தது, மண் எது? இதற்கான தெளிவான சோதனை, ஓல்டாக் குழுவின் அளவீட்டுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஜெர்மனியில் நடந்துவிட்டது. ஆகனில் கெர்னாட் குந்தெரோட்டின் குழுவும் டூயிஸ்பர்க் கோட்பாட்டாளர்கள் உல்ரிச் நோவாக், கிளாஸ் உசாடெல் ஆகியோரும் சேர்ந்து, கோபால்ட் ஆக்சைடுக்குள் சில கோபால்ட் அயனிகளை எடுத்துவிட்டுக் காந்தமற்ற மக்னீசியத்தை வைத்தார்கள். எல்லையை ஒட்டிய மெல்லிய பகுதியைத் தொடவில்லை. குறைகள் உள்ளே, ஆழத்தில் மட்டும். எல்லையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இதனால் எதுவும் மாறக்கூடாது; எதிர்ஃபெர்ரோ காந்தத்தைப் பலவீனப்படுத்துவதால் சாய்வு குறையலாம் என்றும் எதிர்பார்க்கலாம். சாய்வு கூடியது. காந்தமற்ற அணுக்கள் இருக்கும் இடத்தில் டொமைன் சுவர் கட்ட ஆற்றல் குறைவாகவே ஆகும். அங்கே முறிக்க வேண்டிய பிணைப்புகள் இல்லை. ஆகவே குளிரும்போது டொமைன்கள் அந்த இடங்களைப் பற்றிக்கொண்டு எளிதாக உருவாகின்றன, பிறகு அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு டொமைனும் ஒரு சிறு உபரியைச் சுமக்கிறது. எல்லையில் தெரியும் நிகழ்வின் வேர் எதிர்ஃபெர்ரோ காந்தத்தின் உடம்பு முழுவதும் ஓடுகிறது. கலப்பு அளவு மீறிப் போனால் ஒழுங்கே சிதைந்து சாய்வு மறைகிறது. இடையில் ஓர் உச்சம் உண்டு.

இரும்பு ஃபுளூரைடு மேல் சான் டியேகோ குழு 1996-இல் வெளியிட்ட இன்னொரு முடிவும் இந்தப் படத்தில் இயல்பாகப் பொருந்துகிறது. மிகப் பெரிய புலத்தில் குளிர்வித்தபோது கண்ணி வழக்கத்துக்கு மாறாக, குளிர்வித்த புலத்தின் பக்கமே நகர்ந்தது. எல்லைப் பிணைப்பு எதிரெதிராக நிற்பதையே விரும்பும் வகையாக இருந்து, வலுத்த புலம் அதை மீறி எதிர்ஃபெர்ரோ உபரியைத் தன் பக்கம் வளைத்து உறையவைத்தால் இப்படித்தான் நடக்கும். முளை அடிப்பது பக்கத்துக் காந்தம் மட்டுமில்லை, புலமும் நேரடியாக அடிக்கலாம் என்று இது காட்டியது.

இதெல்லாம் படிகங்களைப் பொறுமையாக வளர்க்கும் ஆய்வுக்கூடக் கதை. தொழிற்சாலையில் அடுக்குகள் ஸ்பட்டரிங் முறையில் படிகின்றன. படலம் ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமுள்ள மணிகளின் தொகுப்பாக அமைகிறது. 1972-இலேயே ஃபுல்கோமரும் சராப்பும் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் கருதும் வழியைக் காட்டியிருந்தார்கள். மிகச் சிறிய மணிகள் வெப்ப அதிர்விலேயே புரண்டுவிடும், அவற்றால் சாய்வு இல்லை. மிகப் பெரிய மணிகளைச் சூடேற்றித் திசை பதிக்கும்போது அவை வசப்படுவதில்லை. இடைப்பட்டவைதான் வேலை செய்கின்றன. இத்தகைய படலங்களில் நீல் வெப்பநிலைக்கு வெகு கீழேயே சாய்வு மறைந்துவிடுவது இதனால்தான். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் கெவின் ஓ'கிரேடியின் குழு இந்த வழியை வளர்த்தெடுத்தது. மணிகளின் பருமப் பங்கீட்டிலிருந்தே ஒரு படலத்தின் சாய்வை அவர்களால் கணிக்க முடிந்தது. கண்ணியை மறுபடி மறுபடி வரைந்தால் சாய்வு, குறிப்பாக முதல் சுற்றுக்குப் பிறகு, குறைந்துகொண்டே போவதும் முளைகள் சில தளர்ந்து புதிய இடத்தில் அமர்வதால்தான்.

பயன் எதுவும் தெரியவில்லை என்று நீல் சொன்ன பொருள்கள் 1997 முதல் கோடிக்கணக்கான கணினிகளுக்குள் போயின. 1988-இல் ஆல்பெர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் குழுக்கள் தனித்தனியே கண்ட மாபெரும் காந்தத்தடையை (காந்தப் படலங்கள் ஒரே பக்கமாகவோ எதிரெதிராகவோ நிற்பதற்கேற்ப மின்தடை பெரிதும் மாறும் விளைவை) பயன்படுத்த, இரண்டு காந்தப் படலங்களில் ஒன்று அசையாமல் நிற்க வேண்டும், மற்றது வட்டிலுள்ள பிட்டின் சிறு புலத்துக்கும் திரும்ப வேண்டும். 1991-இல் பெர்னார் டியெனியும் ஐபிஎம் கூட்டாளிகளும் ஒரு படலத்தை இரும்பு-மாங்கனீசு எதிர்ஃபெர்ரோ படலத்தோடு ஒட்டி நிறுத்தினார்கள். ஸ்பின் வால்வு என்று அழைக்கப்படும் இந்த அமைப்பைக் கொண்ட படிப்பு முனையோடு 1997 இறுதியில் வந்த ஐபிஎம் வட்டு 16.8 ஜிகாபைட் கொண்டது. இரும்பு-மாங்கனீசின் சாய்வு 150 பாகை செல்சியசை ஒட்டியே மறைந்துவிடுவதால், பிறகு பிளாட்டினம்-மாங்கனீசும் இரிடியம்-மாங்கனீசும் அதன் இடத்துக்கு வந்தன. இன்றைய காந்த உணரிகள் பலவற்றிலும் ஒரு மேற்கோள் படலம் இந்த முறையில்தான் நிற்கிறது.

தொழில் ஓடிக்கொண்டிருக்க, வேரைத் தேடுவது நிற்கவில்லை. 2007-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் எதிர்ஃபெர்ரோ காந்தத்துக்குப் பதில் செம்பு-மாங்கனீசு ஸ்பின் கண்ணாடியைக் கோபால்ட்டோடு ஒட்டியும் சாய்வைப் பெற்றார்கள். ஸ்பின் கண்ணாடி என்பது ஸ்பின்கள் எந்த ஒழுங்கும் இன்றித் திக்குத்திக்காக உறைந்த நிலை. சாய்வுக்கு எதிரெதிர் அடுக்குகள்கூட அவசியமில்லை, உறையும் தன்மை போதும் என்று அது காட்டியது.

2021-இல் பெர்க்லியில் ஜேம்ஸ் அனலிடிஸின் குழு வெளியிட்ட முடிவு இன்னும் ஒரு படி போகிறது. அவர்கள் எடுத்தது நியோபியம் டைசல்ஃபைடு. தாள் தாளாக அமைந்த படிகம். தாள்களுக்கிடையே இரும்பு அணுக்கள் செருகப்பட்டிருக்கும். மூன்று நியோபியத்துக்கு ஓர் இரும்பு என்ற சரியான விகிதத்தில் இரும்பு அணுக்கள் ஒழுங்கான வலையாக அமைந்து எதிர்ஃபெர்ரோ காந்தமாகின்றன. விகிதம் சற்றுப் பிசகினால், சில இடம் காலியாகவோ சில அணுக்கள் மிகையாகவோ நின்று, அதே படிகத்துக்குள் ஸ்பின் கண்ணாடி ஒன்றும் உருவாகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்தக் கலப்பு நிலையில் மிகப் பெரிய பரிமாற்றச் சாய்வு கிடைத்தது. ஒட்டவைத்த இரண்டாவது படலம் இல்லை. எல்லை என்று சுட்டிக்காட்ட ஓரிடம்கூட இல்லை. கண்ணாடி நிலையின் ஸ்பின்களுக்கு எண்ணற்ற சமநிலைகள் உண்டு என்பதால் குளிரும்போது புலம் அவற்றை எளிதாக வளைத்து உபரியைப் பெறுகிறது. சுற்றியுள்ள எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு அந்த உபரியை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. விகிதத்தை மாற்றி இரண்டில் ஒன்றை வலுப்படுத்தினால் சாய்வும் அதற்கேற்ப மாறுகிறது. இரும்பு வலை ஒழுங்குக்கு வருவது 45 கெல்வினை ஒட்டித்தான் என்பதால் இந்தப் படிகம் எந்த வட்டிலும் இடம்பெறப்போவதில்லை. ஆனால் உபரியின் அளவையும் அதைப் பிடித்து நிறுத்தும் வலுவையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து, எது எவ்வளவு சாய்வைத் தருகிறது என்று அளக்க இப்போது ஒரு பொருள் கையில் இருக்கிறது. பூமியின் மேலோட்டில் மிக அரிதான தனிமங்களில் ஒன்றான இரிடியத்தை விட்டுவிட்டு, மலிவான தனிமங்களால் அறை வெப்பநிலையில் அதே வேலையைச் செய்யும் எதிர்ஃபெர்ரோ படலத்தைத் தேடுகிறவர்களுக்கு அந்த அளவீடுகள்தான் இப்போது முதல் தேவை.